நம்ம ஆளுங்களுக்கு ப்ளஸ் ஒன்னு

என் மனைவிக்கு இரண்டு கண்களிலும் புரை எடுத்தார்கள். இரண்டாவது கண்ணின் மூடியைக் கழற்றிய மறுநாள் காலை, அவள் எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டைப் புதிதாகக் குடிவந்தவள் போலச் சுற்றிப் பார்த்தாள். காற்றாடியின் மூன்று இறக்கைகளிலும் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்தாள். வெள்ளை என்று நான் சொல்லி வாங்கிய திரைச்சீலை உண்மையிலேயே வெள்ளை என்று ஒப்புக்கொண்டாள். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைச்சீலைக்கே திரும்பிப் போனாள். பிறகு கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களின் முன்னால் நின்றாள்.

சுவரில் பதினோரு படங்கள். அவள் இருப்பது ஒன்பதில். ஒன்பதையும் வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க. ஒம்போது படத்துலயும் ஒரு வெள்ளக்காரி நிக்கறா. என் சேலைய வேற கட்டிக்கிட்டிருக்கா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மங்கலாகவும் மஞ்சளாகவும் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மஞ்சள் திரை வழியாக இத்தனை காலம் சுமாராகத் தெரிந்த படங்கள் இப்போது உள்ளபடி தெரிந்துவிட்டன. அவள் தன் கையைத் தூக்கி, படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். கை நல்ல கறுப்பு. படத்திலிருந்தது ரோஜாப்பூ.

அவள் சொன்னது சரிதான். எங்கள் கல்யாணப் படத்தை எடுத்த ஸ்டூடியோக்காரர் தூரிகையால் அவள் கன்னத்தில் சாயம் பூசியிருந்தார். மகனின் கல்யாண ஆல்பத்தில் அதே வேலையைக் கணினி செய்தது. இப்போது கைபேசி யாரையும் கேட்காமல் தானே செய்துகொள்கிறது. மூன்று காலம், மூன்று கருவி, ஒரே கொள்கை. இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. நானும் அவளுக்குச் சளைக்காத கறுப்புதான். ஆனால் ஒன்பது படங்களிலும் நான் கரிக்கட்டையாகவே நிற்கிறேன். ஆணின் கறுப்பைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை.

எங்கள் பேச்சில் 'கலர்' என்றொரு சொல் இருக்கிறது. "பொண்ணு நல்ல கலர்" என்றால் பெண் வெளுப்பு என்று பொருள். "கொஞ்சம் கலர் கம்மி" என்றால் கறுப்பு. உலகத்தில் எல்லோரும் வெள்ளையை நிறமில்லாதது என்று நினைக்க, நாங்கள் மட்டும் அதையே மொத்த நிறத்துக்கும் பெயராக வைத்துவிட்டோம். இந்தக் கணக்குப்படி என் மனைவி ஐம்பது வருஷமாகக் கலரே இல்லாமல் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

ஐம்பது வருஷம் என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. எங்கள் ஐம்பதாம் கல்யாண நாளுக்கு மகனும் மருமகளும் மண்டபம் பிடித்துவிட்டார்கள், இருநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லிவிட்டார்கள். கண் தெளிந்த அந்த வாரமே, மேடைக்குப் பின்னால் கட்டப்போகும் பேனரின் மாதிரியை மருமகள் கைபேசியில் அனுப்பினாள். பத்தடி நீளம். தங்க எழுத்து. நடுவில் நானும் ஒரு வெள்ளைக்காரியும்.

என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கும் வித்தையை அன்றுதான் கற்றுக்கொண்டாள்.

"இவங்களுக்கு அம்பதாம் கல்யாணமா? சரி, நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருக்கேன்" என்றாள்.

மகன் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டான். "அம்மா, எல்லாரும் இப்படித்தான் போடறாங்க லா. அழகாத்தானே இருக்கு?"

"அழகா இருக்காங்க. அவங்களையே கூட்டிட்டுப் போய் மேடையில ஒக்கார வை."

மகனுக்கு அவளைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். தன் தம்பி மனைவி ஒருமுறை ஏதோ சொன்னாள் என்று, இனிமேல் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னவள், இருபத்தாறு வருஷமாக மிதிக்கவில்லை. நடுவில் அந்த வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தது. வரமாட்டேன் என்றால் வரமாட்டாள். இருநூறு பேர் முன்னால் நான் மட்டும் மாலையும் கழுத்துமாக, ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சி என் கண்ணில் நின்றது.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றேன்.

"நான் இருக்கற மாதிரி ஒரே ஒரு படம். அத மாட்டுங்க, வரேன்."

சுலபம் என்று நினைத்தேன். மூன்று புகைப்படக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். மூவரும் மாதிரிப் படங்களைக் காட்டினார்கள். ஒருவர் ஆல்பத்தில் இருந்த மணப்பெண்கள் அத்தனை பேரும் அக்கா தங்கை போல இருந்தார்கள், மாவில் புரட்டி எடுத்த மாதிரி. இருக்கிற நிறத்திலேயே எடுக்க முடியுமா என்று கேட்டேன். "முடியும் அங்கிள், ஆனா அப்புறம் எங்க பேரு கெட்டுப் போயிடும்" என்றார் மூன்றாமவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மூவரில் உண்மை பேசியவர் அவர்தான்.

ஆகவே எழுபத்தைந்து வயதில் நானே படம் எடுக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மகன் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, ஒரே ஒரு சுற்றுலாவுக்கு எடுத்துப்போய், அலமாரியில் வைத்துவிட்ட கேமரா ஒன்று இருந்தது. துடைத்து எடுத்தேன். பதினேழு பொத்தான்கள், மூன்று சக்கரங்கள். என் வாழ்நாள் வேலை துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணுவது. எண்ணிப் பார்க்காமல் ஒரு பொருளை நான் கையில் எடுப்பதில்லை.

டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சமூக மண்டபத்தில் முதியோருக்கான புகைப்பட வகுப்பு, சனிக்கிழமை காலைகளில், நடந்துகொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தேன். மாணவர்கள் ஏழு பேர். ஆறு பேர் வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்கள். ஆசிரியர் இருபது வருஷம் கல்யாணப் படம் எடுத்து ஓய்ந்தவர், ஐம்பது வயதுக்கு மேல். பாக்கெட்டுகள் நிறைந்த ஒரு மேல்சட்டை போட்டிருந்தார். பதினான்கு பாக்கெட். பன்னிரண்டில் ஒன்றும் இல்லை.

முதல் நாள் துளையைப் பற்றிச் சொன்னார். கேமராவின் கண்ணாடிக்குள் ஒரு துளை இருக்கிறது, அது விரிந்தால் வெளிச்சம் அதிகம் வரும், சுருங்கினால் குறையும். இதுவரை குழந்தைக்கும் புரியும். அடுத்ததாகத் துளையின் எண்களைப் பலகையில் எழுதினார். இரண்டே முக்கால் சொச்சம், நாலு, ஐந்தரை சொச்சம், எட்டு, பதினொன்று, பதினாறு. பிறகு, எண் பெரிதானால் துளை சின்னது என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "பெரிய நம்பர்னா பெரிய ஓட்டைதானே இருக்கணும்?"

"இல்லீங்க ஐயா. பெரிய நம்பர்னா சின்ன ஓட்ட."

"ஏன்?"

"அது அப்படித்தான் ஐயா. மனப்பாடம் பண்ணிக்குங்க."

வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டேன். அதில் ஒரு மர்மமும் இல்லை. அந்த எண் பின்னத்தில் கோட்டுக்குக் கீழே நிற்கும் எண். ரொட்டியை நாலாக வெட்டினால் துண்டு பெரிது, பதினாறாக வெட்டினால் துண்டு சிறிது. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். இருபது வருஷம் அந்தத் துளை வழியாக உலகத்தைப் பார்த்தவர் அதை மனப்பாடமாகவே வைத்திருந்தார்.

இரண்டாம் வகுப்பில் இன்னொரு தொல்லை. என் பின்னால் நின்றுகொண்டு, "ஐயா, ஒரு ஸ்டாப் இறங்குங்க" என்றார். நான் ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் பஸ்ஸில் தவறிப்போய் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்ததை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"இறங்கியிருக்கலாம். டிரைவர் நிறுத்தல" என்றேன்.

பக்கத்திலிருந்த, வகுப்பில் எல்லோரும் மிஸி என்று கூப்பிடும் அம்மா தும்மியது போலச் சிரித்தார். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர், வகுப்பில் என்னைத் தவிரக் கேள்வி கேட்கும் ஒரே ஆள். "அண்ணே, அவர் கேமராவச் சொல்றாரு. வெளிச்சத்தப் பாதியாக் குறைங்கன்னு அர்த்தம்" என்றார். ஒரு ஸ்டாப் என்றால் ஒரு மடங்கு. ஏறினால் இரட்டிப்பு, இறங்கினால் பாதி. பஸ்ஸிலும் கேமராவிலும் ஒரே சொல்லை வைத்தவனைத்தான் முதலில் இறக்கிவிட வேண்டும்.

மூன்றாம் வகுப்பு ஆளைப் படம் எடுப்பது. இதற்காகத்தான் நான் வந்திருந்தேன். கேமரா தானாகவே வெளிச்சத்தை அளந்துகொள்ளும், ஆனால் அதன் முடிவு பிடிக்காவிட்டால் நாம் கூட்டலாம், குறைக்கலாம் என்றார் ஆசிரியர். அதற்கு ஒரு பொத்தான் இருந்தது, கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டது. அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, இருபது வருஷ அனுபவத்தின் சாரத்தைப் பிழிந்து கொடுப்பவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே ஒரு ரூல்தான். நம்ம ஆளுங்களுக்கு ப்ளஸ் ஒன்னு. எப்பவும். கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். மிஸி மட்டும் எழுதவில்லை.

"ஏன் சார் நம்ம ஆளுங்களுக்குப் ப்ளஸ்?"

"நம்ம ஆளுங்க டார்க் இல்லீங்களா? வெளிச்சம் ஏத்தணும். வெள்ளையா இருக்கறதுக்கு மைனஸ்."

"அப்ப எங்க கோயில் மாதா சிலைக்கு? அது பால் வெள்ள."

"மைனஸ் ஒன்னு போடுங்க."

"மாதாவுக்கு மைனஸா? சாமியாருகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார் மிஸி.

அன்று மாலை வீட்டில் என் மனைவியை வாசல் கதவின் முன்னால் நிறுத்தினேன். எங்கள் கதவு அடர்ந்த பச்சை. அவள் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ப்ளஸ் ஒன்று போட்டு எடுத்தேன். திரையில் வந்த முகம் திருநீற்றுத் தட்டில் விழுந்து எழுந்தது போல இருந்தது. கதவு பாசி நிறமாகியிருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "வகுப்புக்குப் போயி இதத்தான் கத்துக்கிட்டீங்களா? இதுக்கு உங்க மருமகளே போதுமே."

"ரூல் அப்படித்தான்."

"யாரு போட்ட ரூலு? வெள்ளக்காரனா?"

"இல்ல, நம்ம ஆளுதான்."

"நெனச்சேன்" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்ன விதியின் மேல். கிடங்கில் இருந்த காலத்தில் தராசு மேல் சந்தேகம் வந்தால், எடை தெரிந்த பொருளை ஏற்றிப் பார்ப்போம். அதையே செய்தேன். சமையலறையிலிருந்து இரண்டு பெரிய தட்டுகளை எடுத்தேன். ஒன்றில் அரிசியைப் பரப்பினேன், இன்னொன்றில் கறுப்பு எள்ளை. எள் போதாமல் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். இரண்டையும் சன்னலருகே ஒரே வெளிச்சத்தில் வைத்து, கேமரா தானே அளந்துகொள்ளட்டும் என்று விட்டு, தட்டைத் தவிர வேறொன்றும் தெரியாதபடி கிட்டப்போய் எடுத்தேன்.

இரண்டு படமும் சாம்பல். அரிசியும் சாம்பல், எள்ளும் சாம்பல். ஒரே அடுப்பில் அள்ளியது போல.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கருவியின் புத்தி விளங்கியது. அதற்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. வருகிற வெளிச்சம் மட்டும்தான் தெரியும். உலகத்தில் எல்லாமே நடுத்தரச் சாம்பல் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வெள்ளையைக் கண்டால், அடடா வெளிச்சம் கூடிப்போச்சு என்று இறக்கும். கறுப்பைக் கண்டால், ஐயோ இருட்டு என்று ஏற்றும். அரிசியை அரிசியாக்க நாம் கூட்ட வேண்டும், எள்ளை எள்ளாக்க நாம் குறைக்க வேண்டும். அரிசிக்குப் ப்ளஸ் இரண்டு போட்டேன், பொங்கல் வைக்கலாம் போல வந்தது. எள்ளுக்கு மைனஸ் இரண்டு போட்டேன், எண்ணெய் ஆட்டலாம் போல வந்தது. ஆசிரியர் சொன்னதற்கு நேர் எதிர். மாதாவுக்குத்தான் ப்ளஸ். நம்ம ஆளுங்களுக்கு மைனஸ்.

அப்படியானால் அவர் இருபது வருஷம் எப்படிப் பிழைத்தார்? அதையும் யோசித்தேன். அவர் படம் எடுத்தது கல்யாண மேடைகளில். பின்னால் வெள்ளைப் பூவும் வெள்ளைத் துணியும் கேமராவைப் பார்த்து எரியும் விளக்குகளும். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் இறக்கிவிடும், மாப்பிள்ளையும் பெண்ணும் நிழலாகிவிடுவார்கள். அங்கே ப்ளஸ் ஒன்று சரிதான். அது மேடைக்குப் போட்ட ப்ளஸ். நாளடைவில் அவர் மேடையை மறந்துவிட்டு ஆளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார். கொஞ்சம் வெளுப்பாக வந்தபோது யாரும் குறை சொல்லவில்லை. நன்றி சொன்னார்கள், கையில் கூடுதலாகக் கொடுத்தார்கள். பாராட்டப்படும் தவறை யார் திருத்துவார்கள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு படங்களையும் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"இதுல எது அரிசி, எது எள்ளு, சொல்லுங்க."

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கேமரா ரிப்பேர் ஐயா. கடையில குடுத்துப் பாருங்க."

"உங்க கேமராவுல எடுத்துப் பாப்பமா?"

"என்னுது வேற மாதிரி ஐயா, புரோபஷனல்" என்று சொல்லி, அதைத் தூக்கிப் பையில் வைத்து மூடினார். மிஸி என் பக்கம் குனிந்து, "விடுங்கண்ணே, எங்க டாக்டருங்களும் இப்படித்தான்" என்றார். நான் விட்டுவிட்டேன். மிச்ச இரண்டு வகுப்புக்கும் போனேன், கட்டிய பணத்துக்காக. பூவை எப்படி எடுப்பது என்று சொன்னார். எல்லோரும் மண்டபத்து வாசலிலிருந்த ஒரே செம்பருத்தியை எடுத்தோம். செடி சலித்துப் போயிருக்கும்.

பேனரில் நானும் இருக்க வேண்டும் என்பதால், எடுப்பவனும் நிற்பவனும் நானே ஆக வேண்டியிருந்தது. கேமராவை ஒரு முக்காலியில் நிறுத்தி, பத்து வினாடி கழித்துத் தானே எடுக்கும்படி வைக்க முடியும். பத்து வினாடியில் பொத்தானை அழுத்தி, நடந்து வந்து, அவள் பக்கத்தில் நின்று, திரும்பி, மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். முதல் நாலும் எனக்கு எட்டின. ஐந்தாவதற்கு நேரம் போதவில்லை.

வீட்டுக்கு வெளியே எங்கள் மாடியின் நீளமான நடைபாதையில், காலை எட்டரைக்கு, வெயில் நேராக விழாத வெளிச்சம் இருந்தது. பச்சைக் கதவு பின்னால். அவள் அரக்குச் சேலை. மைனஸ் ஒன்று.

முதல் படத்தில் என் முதுகு. இரண்டாவதில் என் முழங்கை அவள் மூக்கை மறைத்தது. மூன்றாவதில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா குப்பைப் பையோடு நடுவில் வந்து, மன்னிப்புக் கேட்டு, கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தார். அதுதான் அதுவரை எடுத்ததிலேயே தெளிவான படம்.

"ஓடி வராதீங்க. விழுந்தா அப்புறம் ஒரு ஆளுக்குத்தான் பேனர் அடிக்கணும்" என்றாள் என் மனைவி.

"பத்து வினாடிதான் இருக்கு."

"வந்து நின்னதும் ஏன் மொறைக்கறீங்க?"

"மொறைக்கல. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"வாய் விட்டா எண்ணுவாங்க? எல்லாப் படத்துலயும் உங்க வாய் ஏழுன்னு நிக்குது."

பத்தொன்பதாவது படத்தில் அவள் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்தாள். கேமரா அந்த நேரம் சரியாகச் சொடுக்கியது. திரையில் பார்த்தேன். பச்சைக் கதவு பச்சையாக இருந்தது. அரக்கு அரக்காக இருந்தது. அவள் நெற்றியில் வெளிச்சம் எண்ணெய் தடவியது போல மின்னியது, கன்னத்தின் ஓரத்தில் கறுப்பு இன்னும் ஆழமாக இறங்கியது. கண்ணுக்குக் கீழே சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. வெளுத்த படங்களில் அவளுக்கு முகமே இருந்ததில்லை, கண்ணும் மூக்கும் மட்டும் காகிதத்தில் மிதக்கும். கறுப்பு வந்ததும் முகம் வந்துவிட்டது. பக்கத்தில் நான், அதே வெளிச்சத்தில், அதே கணக்கில், அவளைப் போலவே.

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். அவளிடமிருந்து இது பெரிய சான்றிதழ்.

படத்தை மகனுக்கு அனுப்பினால் அவன் மருமகளுக்கு அனுப்புவான், அவள் விரல் சும்மா இருக்காது. ஆகவே நானே டவுனில் இருக்கும் பேனர் அச்சடிக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். என் மனைவியும் வந்தாள். கணினி முன்னால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், நம்ம ஆள்தான், அவளும் கறுப்புதான். எங்களை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் வேலையாக இருந்தாள். படத்தை ஏற்றினாள், தங்க எழுத்தை அடித்தாள், எதையோ இரண்டு முறை தட்டினாள். திரையில் என் மனைவியின் முகத்துக்கு மட்டும் விடிந்தது.

"என்னம்மா பண்ண?" என்றேன்.

"கலர் கரெக்ஷன் அங்கிள். ஆன்ட்டி ரொம்ப டார்க்கா வந்திருக்காங்க. கேமரா சரியில்ல போல. நான் ஏத்தி விட்டுட்டேன், காசு வேணாம்."

"எறக்கு."

"எறக்கினா அசிங்கமா இருக்கும் அங்கிள். மண்டபத்துல எல்லாரும் பாப்பாங்க."

எனக்குப் பின்னாலிருந்து என் மனைவி முன்னால் வந்து, கணினித் திரைக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"இந்தா பாரும்மா. என் கலர்ல என்ன தப்பு இருக்கு, நீ கரெக்ஷன் பண்ண?"

அந்தப் பெண் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

"ஒன்னும் தப்பு இல்ல ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. "எல்லாரும் கேப்பாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே பண்ணிப் பழகிட்டேன்."

"அங்கிளுக்கு ஏன் பண்ணல?"

"ஆம்பளைங்களுக்குப் பண்ண மாட்டோம் ஆன்ட்டி."

"பாத்தீங்களா?" என்று என் மனைவி என்னிடம் சொன்னாள், ஏதோ அந்த விதியை நான் போட்டது போல.

பெண் இறக்கினாள். நான் போட்டு வைத்த இடத்துக்கு முகம் திரும்பி வந்தது. அச்சு வெளியே வந்து, பத்தடியும் உலர்ந்து, சுருட்டிக் கட்டும் வரை நாங்கள் அங்கிருந்து நகரவில்லை. யந்திரத்துக்கும் ஏதாவது அபிப்பிராயம் இருந்துவிடப் போகிறதே என்று எனக்குப் பயம்.

விருந்தன்று அவள் நாலு மணிக்கே பட்டுச்சேலை கட்டித் தயாராகிவிட்டாள். அந்தக் காலி நாற்காலி அப்போதுதான் என் கண்ணை விட்டுப் போனது. மண்டபத்தில் பேனரைக் கட்டியபோது மகன் மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டான். மருமகள், "மாமா, லைட் கொஞ்சம் கம்மியா இருந்துச்சோ?" என்றாள். இல்லை, சரியாக இருந்தது என்றேன். வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், சாப்பாடு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அப்போது இன்னும் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

தாசேக் கெலுகோரிலிருந்து வந்த அவளுடைய பெரியம்மா மகள்தான் மனத்திலிருந்ததைச் சொன்னார். எழுபத்தெட்டு வயது, பவுடர் போட்ட கழுத்து.

"என்னடி தங்கச்சி, பேனர்ல இப்படிக் கருத்துப் போயிட்ட? ஆபரேஷன் கண்ணுக்குத்தான பண்ணாங்க?"

"கண்ணுக்குத்தான்கா. நீங்களும் பண்ணிக்குங்க" என்றாள் என் மனைவி.

அவள் மேடையில் முழு நேரமும் உட்கார்ந்திருந்தாள். மாலை மாற்றச் சொன்னபோது மாற்றினாள், கேக் வெட்டச் சொன்னபோது வெட்டினாள், இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தாள். வரிசையாக வந்து எங்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள், எல்லாம் கைபேசியில். இரவு வீடு சேர்வதற்குள் நூற்று நாற்பத்திரண்டு படங்கள் எனக்கு வந்துவிட்டன. நூற்று நாற்பத்திரண்டிலும் அவள் வெளுப்பு. சிலவற்றில் கைபேசி பேனரில் இருந்த முகத்தையும் மனித முகம் என்று கண்டுபிடித்து அதையும் வெளுத்துவிட்டிருந்தது. நான் அவற்றை அழித்துக்கொண்டே வந்தேன். அவள் தடுத்தாள். "விடுங்க, அவங்க சந்தோஷம்" என்றாள். பேனர் கிடைத்த பிறகு அவளுக்குத் தாராள மனம் வந்துவிட்டது.

அதற்கு முன், மண்டபத்திலேயே பேனரைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட மகன் சுருட்டியபோது, அவள் மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, பத்தடி லா அது. வீட்டுல எங்க வைப்பீங்க?"

"அது என் கவல."

வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்த்தோம். மகன் சொன்னது சரிதான். எங்கள் கூடத்தில் பத்தடிக்கு இடமே இல்லை. கதவுக்கும் சன்னலுக்கும் நடுவே இருக்கும் சுவர் ஆறடிதான், நான் அளந்தேன். என் மனைவி இரண்டு நாள் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தாள். இரண்டு ஆணி அடித்து ஒரு முனையை மாட்டி, அவள் இருக்கும் பாதி வரை விரித்து, மிச்சத்தைச் சுருளாகவே விட்டுக் கயிற்றால் கட்டிவிட்டாள். இப்போது எங்கள் கூடத்தில் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அவளைத்தான், ஆளுயரத்தில், நல்ல கறுப்பில். நான் சுருளுக்குள் இருக்கிறேன். என் வலது தோளின் ஓரம் மட்டும் வெளியே தெரிகிறது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் என் காது வரை வரும் என்று சொல்லிப் பார்த்தேன். "எடம் இல்லங்க" என்கிறாள்.